பஸ் கட்டுகிறவன் பழுதுபார்த்த படகு

தொழில் தெரியாதவன் செய்கிற தப்பு சின்னதாகத்தான் இருக்கும். ஆணியை வளைப்பான், கட்டைவிரலில் அடித்துக்கொள்வான், அதோடு போயிற்று. தொழில் நன்றாகத் தெரிந்தவன், அதுவும் தெரியும் தெரியும் என்று பத்துப் பேரிடம் சொல்லிக்கொண்டு திரிகிறவன், ஒரு தப்புச் செய்தால் அதைப் பார்க்க ஊரே கூடும். எனக்குக் கூடியது. ஓர் அரசாங்க அதிகாரி, என் முதலாளி, எனக்குப் பெண் கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த என் தாய்மாமன், அந்தப் பெண் என்று முக்கியமானவர்கள் ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். அதில் அதிகாரியும் முதலாளியும் கழுத்துவரை நனைந்திருந்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்துமூன்று வயது. கும்மிடிப்பூண்டியில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் பஸ் பாடி கட்டுகிற ஒரு ஷெட்டில் ரிவிட் அடிக்கும் வேலை. இன்ஜினும் சக்கரமும் ஸ்டியரிங்கும் மட்டுமாக வெறும் எலும்புக்கூடு ஒன்று வந்து நிற்கும். அதன்மேல் சட்டம் கட்டி, அலுமினியத் தகடு போர்த்தி, ஆயிரக்கணக்கில் ரிவிட் அடித்து, சீட்டுப் போட்டு, மணி கட்டி, பஸ்ஸாக்கி அனுப்புவோம். ரிவிட் அடிப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. தகட்டுக்கு ஒரு பக்கம் ஒருவன் ‘டாலி’ என்கிற இரும்புக் கட்டியை ஆணித் தலைக்கு முட்டுக் கொடுத்துப் பிடித்திருப்பான். மறுபக்கம் நிற்பவன் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைச் சுத்தியலால் அடித்து மழுக்குவான். அந்தச் சுத்தியல்காரன் நான். என் வரிசை நூல் பிடித்தமாதிரி இருக்கும் என்று ஷெட்டில் எல்லோரும் சொல்வார்கள். (எல்லோரும் இல்லை. நான் அதிகம் சொல்வேன். மற்றவர்கள் மறுக்கமாட்டார்கள்.)

இவ்வளவு கெட்டிக்காரனுக்கு வேலை மட்டும் நிரந்தரமாகவில்லை. மூன்று வருஷமாகத் தற்காலிகம். அதனால் கல்யாணமும் தற்காலிகமாக நின்றிருந்தது.

என் தாய்மாமன் ஏழுமலை பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் மீன்பிடிப்பவர். அவர் மகள் தனம்தான் எனக்கு என்று சின்ன வயதிலேயே பேச்சு. எங்கள் அப்பாவும் அதே ஏரிக்காரர்தான். ஆனால் நான் பிறப்பதற்கு முன்பே அரிசி மில் வேலைக்கென்று கரையேறிவிட்டார். நான் முழுத் தரைவாசியாக வளர்ந்தேன். படகில் ஏறினால் எனக்கு வாந்தி வரும். (சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். பின்னால் இதைவிடப் பெரிய விஷயங்கள் இருக்கின்றன.) கல்யாணப் பேச்சை எடுத்துக்கொண்டு போனபோதெல்லாம் மாமா வலையைப் பிரித்துக்கொண்டே ஒரே பதிலைச் சொல்வார்.

“வேல பர்மனண்டு ஆவட்டும்டா மாப்ளே. டெம்பரவரி ஆளுக்குப் பொண்ணக் குடுத்துட்டு நானும் டெம்பரவரியா தூங்கிக்கினு கெடக்க முடியாது.”

தனம் உள்ளேயிருந்து எட்டிப் பார்ப்பாள். சிரிக்கமாட்டாள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. அதுவே எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

இந்த நிலைமையில்தான் அந்தப் படகு ஷெட்டுக்கு வந்தது. மழைக்காலத்தில் ஆற்றோரக் கிராமங்களிலிருந்து ஆட்களை ஏற்றிவர அரசாங்கத்தில் வைத்திருந்த ஒன்பது அலுமினியப் படகுகளில் அது ஒன்று. ஒன்பதும் ஒழுகல். அவற்றுக்குப் பொறுப்பான அதிகாரி, நெட்டையாக, அதிகம் பேசாதவராக ஒருவர், எங்கள் ஷெட்டைத் தாண்டிப் போகும்போது பாதி முடிந்த பஸ் ஒன்றைப் பார்த்திருக்கிறார். அதே அலுமினியம், அதே ரிவிட். உள்ளே வந்து முதலாளியைக் கேட்டார்.

“பஸ்ஸு தகடு அடிக்கிறீங்க. படகு தகடு அடிப்பீங்களா?”

முதலாளி இதுவரை எதற்குமே முடியாது என்று சொன்னதில்லை. “இன்னா சார் பெரிய விசயம்? சக்கரம் இல்லாத பஸ்ஸுன்னு வெச்சிக்கோங்க. முடிச்சிக் குடுத்துடுவோம்” என்றார்.

“மொதல்ல ஒண்ணு பண்ணுங்க. தண்ணியில எறக்கி நானே உக்காந்து பாப்பேன். சரியா இருந்தா மீதி எட்டும் உங்களுக்கு.”

அதிகாரி போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் எங்கள் ஊருக்கு வடக்கே, ஆந்திர எல்லையோரத்துக்காரர். தெலுங்குக்காரர் என்பதால் தொழிலாளிகளெல்லாம் அவரை ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவோம்.

“சேகரு, இது உன் கையில கீது. ஒழுகலன்னா அன்னிக்கே நீ பர்மனண்டு. ஒழுகிச்சின்னா…” என்று ஆரம்பித்தவர், வாக்கியத்தை முடிக்காமல் வெற்றிலையைப் போட்டுக்கொண்டார். எனக்கு அது தேவையாகவும் இல்லை. முதல் பாதியிலேயே நான் மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டிருந்தேன்.

படகை இரண்டு மர ஸ்டாண்டுகள் மேல் தூக்கி வைத்தோம். பதினாறு அடி நீளம். குறுக்கே மூன்று உட்காரும் பலகை, காலடியில் தரைப் பலகை, அதற்கு அடியில் விலா எலும்பு மாதிரி வரிசையாகச் சட்டங்கள், அதற்கும் கீழே தகடு. எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, உள்ளே தண்ணீர் நிரப்பிவிட்டு அடியில் படுத்துப் பார்ப்பது. பஸ் கூரையை நாங்கள் மேலே தண்ணீர் ஊற்றிச் சோதிப்போம், அதே சூத்திரம்தான். நிரப்பினோம். அடியில் சாக்பீஸோடு படுத்தேன். சொட்டு விழுந்த இடத்திலெல்லாம் வட்டம் போடவேண்டும் என்பது திட்டம். கால் மணி நேரத்தில் வட்டம் போட இடமில்லாமல் போய், ஒழுகாத ரிவிட்டுக்கு மட்டும் புள்ளி வைப்பது சுலபம் என்று தெரிந்துகொண்டேன். படகு தானாகவே காலியாகிவிட்டது.

அடுத்த எட்டு நாள் நான் செய்த வேலையைப் பற்றி இன்றைக்கும் எனக்கு வெட்கமில்லை. ஆட்டம் கொடுத்த ரிவிட்டுகளை டாலி வைத்து மறுபடி இறுக்கி அடித்தேன். துளை தேய்ந்துபோன இடங்களில் பழையதைக் கழற்றி ஒரு சுற்றுப் பெரிய ரிவிட்டாகப் போட்டேன். முன்னால் எவரோ புண்ணியவான் இரும்பு போல்ட்டுகளை முடுக்கி வைத்திருந்தார். உப்புத் தண்ணீரில் இரும்பும் அலுமினியமும் ஒத்துப்போகாது. அவற்றைச் சுற்றித் தகடு வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. அதையெல்லாம் வெட்டி எடுத்து, புதுத் துண்டு வைத்து, நடுவில் கறுப்புப் பசையில் தோய்த்த கித்தான் துணியைக் கொடுத்து அடித்தேன். அந்தக் கறுப்புப் பசை பஸ் கூரை மூட்டுக்குப் பூசுவது. ஒட்டினால் தோலோடுதான் வரும். உள்பக்கம் ஒவ்வொரு மூட்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பசையைக் கட்டைவிரலாலேயே அழுத்தி அழுத்தி ஏற்றினேன். எட்டு நாளும் வீட்டில் அம்மாதான் எனக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள், கை அந்த லட்சணத்தில் இருந்தது.

மறுபடி தண்ணீர் நிரப்பி, மறுபடி அடியில் படுத்தேன். ஒரு மணி நேரம் படுத்திருந்தேன். ஒரு சொட்டு விழவில்லை. ஷெட்டில் வேலை நின்று எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். முதலாளியே முழங்காலிட்டுத் தகட்டைத் தடவிப் பார்த்து, உலர்ந்த கையைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டார். எனக்கு ஏற்பட்ட பெருமைக்கு அளவே இல்லை.

அதற்குப் பிறகுதான் சிக்கல். உள்ளே இருந்த தண்ணீரை எப்படி வெளியேற்றுவது? முதல் தடவை ஒழுகியே போய்விட்டது. ஒழுகாத படகில் இப்படியொரு தொந்தரவு இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வாளியால் மொண்டோம். பிறகு செம்பால் மொண்டோம். கடைசி இரண்டு அங்குலம் சட்டங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டு அசைவேனா என்றது.

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி துரைக்கண்ணு வந்தார். ஷெட்டுக்கே பெரியவர். பஸ் பாடியில் அவருக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு. மழைத் தண்ணீர் எப்படியும் உள்ளே வரும், வந்த தண்ணீரை உட்காரவிடக் கூடாது, உட்கார்ந்தால் தகடு அரித்துவிடும். ஆகவே பஸ்ஸில் எந்த மூலை பள்ளமாக இருந்தாலும் அதன் அடியில் ஒரு வடிகால் ஓட்டை இருந்தே ஆகவேண்டும். கையில் ஒரு குச்சியோடு பஸ்ஸைச் சுற்றி வருவார். குச்சியை நுழைக்க ஓட்டை இல்லையென்றால் அந்தக் குச்சி நம் முதுகுக்கு வரும்.

படகுக்குள் எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“இன்னாடா சேகரு? தண்ணி உக்காந்துக்கினு கீது. வழி எங்கடா?”

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு செய்தவன் அடிப்படை விஷயத்தை மறந்துவிட்டோமே என்று உண்மையிலேயே வெட்கப்பட்டேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு டிரில்லை எடுத்து வந்தேன்.

ஏனோதானோ என்று போடவில்லை. படகின் நடுக்கோட்டில், சட்டத்துக்குச் சட்டம் இடையில், எங்கே தண்ணீர் அதிகம் தேங்குமோ அங்கே மையம் பார்த்துக் குறி வைத்தேன். ஒவ்வொன்றும் மூன்று நூல் அளவு, அதாவது சுண்டுவிரல் நுழைகிற அகலம். மொத்தம் ஆறு. ஓரத்தில் பிசிறு நிற்கக் கூடாதென்று அரத்தால் ராவி, அரிக்காமலிருக்கப் பெயிண்டும் தொட்டு வைத்தேன். தண்ணீர் கலகலவென்று இறங்கிப் போயிற்று. மேஸ்திரி குச்சியை ஆறிலும் விட்டுப் பார்த்துவிட்டு, “கரீட்டு” என்று என் முதுகில் தட்டினார்.

பன்னிரண்டு பேர் நின்று பார்த்தோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை. எங்களை ரொம்பவும் குறை சொல்லாதீர்கள். பஸ்ஸுக்குத் தண்ணீர் எப்போதும் மேலே இருந்துதான் வரும்.

ஓட்டைகளுக்கு மேல் தரைப் பலகையைப் போட்டு மூடினோம். பெயிண்டர் சம்மந்தம் நீலமும் வெள்ளையுமாக வர்ணம் அடித்தார். அவரும் பஸ்ஸைத் தவிர வேறெதையும் அறியாதவர். பக்கவாட்டில் ‘அமர 10, நிற்க 4’ என்று எழுதினார். பின்பக்கம் வளைவான எழுத்தில் ‘நன்றி மீண்டும் வருக’ என்று எழுதி, இரண்டு புறமும் தாமரை போட்டார். புறப்படும் நாளில் மேஸ்திரி கையில் எலுமிச்சம்பழத்தோடு படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். எந்தச் சக்கரத்துக்கு அடியில் வைப்பது என்று தெரியாமல் கடைசியில் படகை ஏற்றிய லாரியின் சக்கரத்தில் வைத்து நசுக்கினார்.

சுண்ணாம்புக்குளம் ஊர்ப் பக்கம் பழவேற்காடு ஏரிக்கரைக்குப் போனோம். எங்கள் ஷெட்டில் யாருக்கும் படகு தள்ளத் தெரியாது என்பதால் மாமாவையே வரச் சொல்லியிருந்தேன். (என் திறமையை அவர் நேரில் பார்க்கட்டும் என்ற எண்ணமும் இருந்தது. இருந்தது என்ன, அதுதான் முழு எண்ணமும்.) அதிகாரிக்குச் சாப்பாடு கொடுக்கவேண்டும் என்று மாமா தன் வீட்டில் மீன் குழம்பு வைக்கச் சொல்லியிருந்தார். தனம் அதைச் சட்டியோடு கரைக்குக் கொண்டுவந்து நிழலில் வைத்துவிட்டு நின்றாள்.

ஆறு பேர் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றினோம். அதிகாரி ஏறி உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி சட்டையில் மடிப்புக் கலையாமல் வந்திருந்த முதலாளி, “நான் கரையிலேர்ந்தே பாக்கறனே” என்றார். அதிகாரி, “ஏன், உங்க வேலைமேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டதும் ஏறிவிட்டார். நான் ஏறினேன். மேஸ்திரி, யாராவது ஒருவர் கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்று சொல்லித் தங்கிக்கொண்டார். மாமா பின்னால் நின்று கழியை ஊன்றித் தள்ளினார்.

ஏரி அன்று அவ்வளவு அமைதியாக இருந்தது. அதிகாரி குனிந்து மூட்டுகளைத் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு வாந்திகூட வரவில்லை. தூரத்தில் கரையில் தனத்தின் சிவப்புத் தாவணி தெரிந்தது. எந்த மாதத்தில் முகூர்த்தம் வைத்தால் மழை இருக்காது என்று நான் யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

கால் மணி போனதும் மாமா சொன்னார். “இன்னாடா மாப்ளே, படவு கனமா கீதே.”

“மூட்டை பாரம் மாமா.”

“மூட்டை ஏறும்போதேதான் இருந்திச்சி. இப்பக் கூடிக்கினே போவுது. உள்ள குட்டி போடுதா?”

நான் சிரித்தேன். முதலாளியும் சிரித்தார். அப்போது அவர் கழற்றி வைத்திருந்த செருப்பில் ஒன்று, அவரைக் கேட்காமலே மெதுவாகப் பின்பக்கம் நகர்ந்தது. எல்லோரும் அதைப் பார்த்தோம். இன்னொரு செருப்பும் அதன் பின்னால் கிளம்பியது. அதற்குப் பிறகுதான் எங்கள் கணுக்கால் நனைந்திருப்பதைக் கவனித்தோம்.

பாய்ந்து தரைப் பலகையைத் தூக்கினேன். பளிங்கு மாதிரி தண்ணீர். அதற்குள் ஆறு ஊற்று கொப்பளித்துக்கொண்டிருந்தது. ஆறும் ஒரே நேர்கோட்டில், சம இடைவெளியில், ஓரம் வழவழவென்று இருந்தன. யாருடைய கைவேலை என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்சமும் சிரமம் இருக்கவில்லை.

“இது… இது வடிகால்” என்றேன்.

குப்புற விழுந்து இரண்டு கையின் சுண்டுவிரல்களையும் இரண்டு ஓட்டையில் விட்டேன். இன்னும் நாலு இருந்தது. “நைனா, ஒரு வெரல் குடுங்க நைனா!” என்று கத்தினேன். அந்த மனிதர் கேள்வியே கேட்காமல் மடிப்புக் கலையாத வேட்டியோடு மண்டியிட்டு இரண்டு விரலைக் கொடுத்தார். அதிகாரி ஒரு நிமிஷம் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அவரும் குந்தி, மீதி இரண்டையும் அடைத்தார். இப்போது ஆறும் அடைபட்டிருந்தது. நெற்றியோடு நெற்றி முட்ட மூன்று பேரும் தண்ணீருக்குள் குனிந்திருந்தோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பின்னால் நின்ற மாமா நிதானமாகக் கேட்டார். “எல்லாரும் வெரல வெச்சிக்கினு குந்திக்கினீங்க. உள்ள வந்த தண்ணிய யாரு எறைக்கிறது?”

நல்ல கேள்வி. பதில் சொல்வதற்குள், நாங்கள் ஒரே இடத்தில் குவிந்த பாரத்தில் படகு சாய்ந்து, விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிட்டது. ஏரி ஒரு பக்கமாக உள்ளே ஏறியது. அலறலோ கவிழ்தலோ எதுவும் இல்லை. உட்கார்ந்தபடியே, மரியாதையாக, எங்களை வைத்துக்கொண்டு படகு கீழே போயிற்று. அதிகாரிக்கும் முதலாளிக்கும் தண்ணீர் கழுத்துவரை வந்தது. முதலாளி கண்ணை இறுக மூடிக்கொண்டு, திருப்பதி ஏழுமலையான் முதல் தன் குலதெய்வம் வரை வரிசையாகக் கூப்பிட்டார்.

“ஏழுமலை இங்கதான் கீறேன்” என்றார் மாமா. “எழுந்து நில்லு நைனா. இடுப்பளவுத் தண்ணி.”

முதலாளி எழுந்து நின்றார். இடுப்பளவுதான். அந்த ஏரி பல இடங்களில் அப்படித்தான் என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். நாங்கள் நாலு பேரும் ஏரி நடுவில் நின்றோம். எங்களைச் சுற்றிச் செருப்புகள் மிதந்தன. மணல் மூட்டைகள் நடுவில் குவிந்திருந்ததால் படகு மல்லாந்த மேனிக்கு அடியில் உட்கார்ந்துவிட்டது. தூக்கலாக இருந்த பின்பக்கம் மட்டும் இரண்டு விரல்கடை வெளியே தெரிந்தது. அதில் ‘நன்றி மீண்டும் வருக’ என்றிருந்தது. அதிகாரி அதை முழுதாகப் படித்தார்.

கரையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. தனம் தாவணியால் வாயைப் பொத்திக்கொண்டு, பொத்த முடியாமல், மணலிலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாக நான் எதிர்பார்த்த சிரிப்பு. அதைக் கேட்டதும் அந்த ஏரி இன்னும் கொஞ்சம் ஆழமாக இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

மூட்டைகளை எடுத்துவிட்டு, குப்பத்து ஆட்கள் நாலைந்து பேர் கைகொடுக்க, படகைக் கரைக்கு இழுத்துக் கட்டைமேல் ஏற்றினோம். என் வேலை போயிற்று, தனமும் போனாள் என்று முடிவு செய்து, நான் ஓர் ஓரமாக நின்றேன். அழுகை வந்தது. முகம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அதிகாரி சொட்டச் சொட்டப் படகின் அடியில் குனிந்தார். உள்ளே நின்ற தண்ணீர் ஆறு ஓட்டை வழியாகவும் ஆறு குழாய்போல் கொட்டிக்கொண்டிருந்தது. மற்ற இடங்களில் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தார். ஓரமாக வந்த தண்ணீரைத் துடைத்துவிட்டுக் காத்திருந்து மறுபடி பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இந்த ஆறு ஓட்டை எதுக்கு?” என்றார்.

மேஸ்திரி பெருமையாக முன்னால் வந்தார். “தண்ணி போறதுக்கு சார்.”

“எந்தத் தண்ணி?”

“உள்ள வர்ற தண்ணி சார்.”

“அது எது வழியா வரும்?”

மேஸ்திரி வாயைத் திறந்தார். படகைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “அந்த ஓட்டை வழியாத்தான் சார்” என்று சொல்லிவிட்டுக் குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“டெஸ்ட்டு தண்ணிய வெளிய எடுக்கத்தான் சார் போட்டேன்” என்று நான் முனகினேன்.

“அதுக்கு ஏண்டா ஓட்ட? கவுத்தா போவுது” என்றார் மாமா.

ஷெட் ஆட்கள் நாங்கள் அத்தனை பேரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தோம். வாழ்க்கையில் ஒருவரும் பஸ்ஸைக் கவிழ்த்ததில்லை, அதனால் எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அதிகாரியின் உதடு ஒரு பக்கம் துடித்தது. அது சிரிப்பு என்று பிறகுதான் தெரிந்தது. “ரிவிட் ஒண்ணுகூட ஒழுகலய்யா. ஒரு மூட்டுகூட ஒழுகல. நல்ல வேலை. இந்த ஆறையும் அடைக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

“ஒரு மணி நேரம் சார்” என்றேன். லாரியில் என் பை இருந்தது. ஒரு நீளத் தகட்டுப் பட்டையை வெட்டி, கித்தானும் பசையும் கொடுத்து, ஆறு ஓட்டையின் மேலும் ஒரே பட்டியாக வைத்து ரிவிட் அடிப்பதாக ஏற்பாடு. ரிவிட்டுக்குத் துளை வேண்டுமே என்று நான் கை டிரில்லை எடுத்ததும் முதலாளி, “ஐயோ மறுபடியுமா!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரை நகர்த்தி உட்கார வைத்துவிட்டு, மாமா டாலி பிடிக்க, அடித்து முடித்தேன். அவசரமாக அடித்ததுதான். வரிசை மட்டும் கோணவில்லை.

“சரி, எறக்குங்க. ஒரு மணி நேரம் நிக்கணும். யார் ஏர்றீங்க?” என்றார் அதிகாரி.

முதலாளி வேட்டியைப் பிழிவதில் மும்முரமானார். மேஸ்திரி கரையைப் பார்த்துக்கொண்டார். மாமா, “நான் தள்ளி வுடறேன். ஏற மாட்டேன்” என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். நான் மட்டும் ஏறி உட்கார்ந்தேன். மணல் மூட்டைகளைத் திரும்ப ஏற்றினார்கள். அடுத்தாற்போல் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. திரும்பிப் பார்த்தால் தனம், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஏறி எதிர்ப்பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

“தே! எறங்கு தனம்” என்றார் மாமா.

“சாரே சொன்னாரு, ஆணி ஒண்ணும் ஒழுகலன்னு. இன்னா இப்போ? நான் ஏரிக்காரி. இது முழுவுனாலும் நடந்து வந்துடுவேன்” என்றாள்.

மாமா அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு படகைத் தள்ளிவிட்டார்.

ஒரு மணி நேரம் அந்தப் படகில் நாங்கள் இருவரும் தனியாக இருந்தோம். கேட்கிறவர்கள் கற்பனை செய்துகொள்கிறமாதிரி எதுவும் நடக்கவில்லை. அவள் ஏறியதும் முதல் வேலையாகத் தரைப் பலகையைத் தூக்கி ஓரமாக வைத்தாள். குழம்பு ஊற்றக் கொண்டுவந்த கரண்டியைக் கையில் தயாராகப் பிடித்துக்கொண்டு, நான் அடித்த பட்டியையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அரை மணிக்கப்புறம் கேட்டாள்.

“பஸ்ஸுலயும் இப்பிடித்தான் ஓட்ட போடுவியா?”

“ஆமா. பஸ்ஸுல போட்டே ஆவணும்.”

“அப்ப சரி” என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, “படவுல போடாத” என்றாள்.

பட்டி கசியவில்லை. அவள் கரண்டியை மடியில் வைத்தாள். எனக்கு அப்போதிருந்த சந்தோஷத்தில், எழுந்து நின்று கத்தவேண்டும்போல் இருந்தது. படகு ஆடுமே என்று அடக்கிக்கொண்டேன்.

கரைக்கு வந்ததும் அதிகாரி மீன் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மீதி எட்டுப் படகும் எங்களுக்கே வந்தன. உத்தரவில் கீழே ஒரு வரி தனியாக இருந்தது, படகின் அடியில் வடிகால் துளை எதுவும் இடக்கூடாது என்று. எட்டையும் கவிழ்த்துத்தான் வடித்தோம். துரைக்கண்ணு மேஸ்திரி மட்டும் அந்த எட்டையும் தாண்டிப் போகும்போதெல்லாம் குச்சியை உள்ளங்கையில் தட்டிக்கொண்டு பெருமூச்சு விடுவார். முதலாளி சொன்ன வார்த்தை தவறவில்லை. அதே மாதம் என் வேலை நிரந்தரமானது. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்கு ஓடினேன். மாமா அதை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, “இத்த எதுக்குடா எடுத்தாந்த? அவ அன்னிக்கே ஏறிக் குந்திக்கினாளே” என்றார்.

எனக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. தனத்தின் தம்பி கோதண்டம் ஏரியில் ஃபைபர் படகு வைத்திருக்கிறான். வருஷத்துக்கு ஒரு முறை பொங்கலுக்கு நாங்கள் போவோம். மற்றவர்கள் சும்மா ஏறிவிடலாம். என்னை மட்டும் கரையில் நிறுத்தி, இரண்டு கையையும் தூக்கச் சொல்லி, சட்டைப் பை, வேட்டி மடிப்பு எல்லாவற்றையும், டிரில் இருக்கிறதா என்று கோதண்டம் தடவிப் பார்ப்பான். கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரு தடவைகூட விட்டதில்லை. குப்பத்துப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்ப்பார்கள். எனக்கும் இப்போதெல்லாம் கூச்சம் விட்டுப்போய், நானே கையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கிறேன்.

போன பொங்கலுக்கும் தேடினான். கண்ணாடிக் கூடும் சர்க்கரை மாத்திரையும்தான் இருந்தன. “ஒண்ணும் இல்லக்கா. மாமா ஏறட்டும்” என்று அறிவித்தான்.

முதலிலேயே ஏறி நடுப்பலகையில் உட்கார்ந்திருந்த தனம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எதுக்கும் வாயத் தொறக்கச் சொல்லுடா. புதுசா பல்லு செட்டு கட்டிக்கினு வந்துகீது.”